உள்ளளவு நாற்பது அங்குலம்

ஒரு விமானத்தின் கதவை நான்கு அங்குலம் அகலப்படுத்திய பெருமை எனக்கு உண்டு. பெருமை என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். என் மனைவியைக் கேட்டால் தப்பு என்பாள். இரண்டுமே உண்மைதான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் கிரேட் நிக்கோபார் தீவில், கேம்பல் பே என்ற ஊரில், பொதுப்பணித் துறை ட்ராஃப்ட்ஸ்மேன், வரைபடம் போடுகிறவன். மதுரைப் பக்கத்திலிருந்து போர்ட் பிளேருக்கு வேலைக்கு வந்தவன். அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவளைக் கல்யாணம் செய்துகொண்டேன். பிறகு இருவருமாக கிரேட் நிக்கோபாருக்கு மாற்றலாகிப் போனோம். அந்தத் தீவுக்கு யாரும் கேட்டு வாங்கிக்கொண்டு போவதில்லை. மேலதிகாரியிடம் இரண்டு முறை எதிர்த்துப் பேசியிருந்தேன், அதற்குக் கிடைத்த பரிசு அது. என் வாய்க்கு அவளும் சேர்ந்து மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. ஆனால் போன ஆறாம் மாதமே எங்கள் இரண்டு பேருக்கும் அந்த ஊர் பிடித்துப்போய்விட்டது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களைக் குடும்பத்தோடு கொண்டுவந்து குடியேற்றிக்கொண்டிருந்த காலம். ஆளுக்கு ஒரு துண்டு காடு கொடுத்திருந்தார்கள். அதை வெட்டித் திருத்தி நிலமாக்கிக்கொள்ள வேண்டும். பஞ்சாபிகள் அதிகம், மராட்டியர், மலையாளிகள், நம்மவர்கள் சில குடும்பங்கள். எல்லோருக்கும் பொதுவாக இருந்தது தீவு ஹிந்தி. அதற்கு இலக்கணம் என்று ஒன்று இல்லாததால் யாரும் யாரையும் திருத்தவில்லை. நாங்கள் வீடு கட்டினோம், ரோடு போட்டோம், கடைசியாகக் கடலோரமாக ஒரு சின்ன ஓடுதளமும் போட ஆரம்பித்திருந்தோம். அதில் எந்த விமானம் வந்து இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. போடச் சொல்லி உத்தரவு வந்தது, போட்டோம்.

அதுவரை வெளியுலகத்துக்கு வழி கப்பல் மட்டும்தான். இரண்டு வாரத்துக்கு ஒரு கப்பல் என்பது காகிதத்தில். கடல் கொந்தளித்தால் மாதம் ஒன்று வந்தாலே அதிர்ஷ்டம். போர்ட் பிளேர் போய்ச் சேர இரண்டு மூன்று நாள் ஆகும்.

எங்கள் ஊர்க்காரர்களில் ஆறடிக்கு மேல் உயரமான ஒரு பஞ்சாபிக்காரர் இருந்தார். ராணுவத்தில் ஹவில்தார். ஊரே அவரை சர்தார்ஜி என்றுதான் கூப்பிடும். தன் நிலத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்தபோது சாய்ந்த மரத்தின் கிளை அவர் முதுகில் அடித்துவிட்டது. அந்த வாரம் டாக்டர் போர்ட் பிளேருக்குப் போயிருந்தார். டிஸ்பென்சரியில் என் மனைவி மட்டும்தான். முதுகெலும்பில் அடிபட்டவரை வளைக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். பலகையில் படுக்க வைத்து, தலையிலிருந்து கால்வரை துணியால் கட்டி, கப்பல் வந்து நிற்கிற ஜெட்டிக்குக் கொண்டுபோனாள். நல்லவேளையாக அன்று கப்பல் வந்து நின்றிருந்தது.

கப்பலின் மேல்தட்டு வரை எல்லாம் சரியாக நடந்தது. உள்ளே நோயாளி அறைக்குப் போகிற கதவு குறுகல், நுழைந்ததுமே ஒரு திருப்பம். பலகை திரும்பவில்லை. மழை கொட்டிக்கொண்டிருந்தது. "தோடா மோட்னா படேகா, சிஸ்டர்," கொஞ்சம் மடக்கித்தான் ஆகவேண்டும் என்று மாலுமிகள் சொன்னார்கள். அந்த மழையில் அவரை வெளியே போட்டு வைக்கவும் முடியாது. எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் சரி என்று தலையை ஆட்டினாள். கட்டை அவிழ்த்து, உட்கார்ந்த வாக்கில் தூக்கி உள்ளே கொண்டுபோனார்கள்.

அவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் இடுப்புக்குக் கீழே எல்லாம் போய்விட்டது. மரம் அடித்தபோதே போயிருக்கும், உன்னால் இல்லை என்று போர்ட் பிளேர் டாக்டர் பலமுறை சொன்னார். "இருக்கும் டாக்டர்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அவள் 'இருக்கும்' என்றால் நம்பவில்லை என்று அர்த்தம். கல்யாணமான புதிதிலேயே எனக்குத் தெரிந்துபோன விஷயம் அது.

சர்தார்ஜி ஊருக்குத் திரும்பி வந்தார். அவருக்குச் சின்னச் சக்கரம் வைத்த பலகை ஒன்று செய்து கொடுத்தார்கள், அதில் உட்கார்ந்து கையால் உந்திக்கொண்டு போவார். அவர் அவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. தன் நிலத்தில் பழுத்த முதல் பப்பாளியை அவளுக்குக் கொடுத்தனுப்பினார். அதன் பிறகு பழுக்கிறபோதெல்லாம் ஒன்று வரும். அவள் வாங்கி, வணக்கம் சொல்லி அனுப்பிவிட்டு, பழத்தை அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவாள். ஒரு துண்டு வாயில் வைத்ததில்லை. எனக்குப் பப்பாளி என்றால் உயிர். நான் ஒருநாள் கேட்டேன், அவள் பார்த்த பார்வையில் அதோடு கேட்பதை விட்டுவிட்டேன்.

இந்த நிலையில்தான் விமானக்காரர் வந்து சேர்ந்தார். மெயின்லாண்டில் ஒரு தொழிற்சாலையில் சிறிய விமானம் ஒன்றுக்கு வடிவம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதன் தலைமை வடிவமைப்பாளர் அவர். பெங்களூரில் பிறந்து வளர்ந்த தமிழர், ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் நான்கு பென்சில். மலை, பாலைவனம், தீவு என்று ஓடுதளம் குட்டையாக இருக்கிற இடங்களுக்கெல்லாம் போய், என்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். நான்கு நாளில் திரும்புவதாகத் திட்டம். கப்பல் அவர் திட்டத்தைப் படிக்கவில்லை. பத்தொன்பது நாள் இருந்தார்.

அரசு விருந்தினர் விடுதியில் சமையல்காரர் இல்லாததால் சாப்பாடு எங்கள் வீட்டில். சாப்பாட்டைவிட டீதான் அவருக்கு முக்கியம். ஒரு நாளைக்கு எட்டு தடவை குடிப்பார். என் மனைவி முதல் இரண்டு நாள் சிரித்த முகமாகப் போட்டாள், மூன்றாம் நாளிலிருந்து ஒரு பெரிய ஃபிளாஸ்கை நிரப்பி அவர் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

அவர் எங்கள் மேஜையில் வரைபடத்தை விரித்தார். நான் பாலமும் குடிநீர்த் தொட்டியும் வரைந்தவன். விமானம் வரைகிற தாளை அன்றுதான் முதலில் பார்த்தேன், பொறாமையாக இருந்தது. இறக்கை உடலின் மேலே இருந்தது. ஓடுதளத்துக் கல் தெறித்து விசிறியில் படாமல் இருக்க என்ஜின் உயரத்தில் இருக்க வேண்டுமாம். சக்கரத்தை உள்ளே மடக்குகிற ஏற்பாடு கிடையாது. உப்புக்காற்றில் மடக்குகிற சாமான் எதுவுமே நிலைக்காது என்று நானும் ஒத்துக்கொண்டேன். என்ஜின் இரண்டு, ஒன்று நின்றால் மற்றது கரை சேர்க்கும். அது டர்போப்ராப் என்ற வகை. ஜெட் விமானத்தில் இருப்பது போன்ற சுழலிதான், ஆனால் அது முன்னால் இருக்கிற விசிறியைச் சுற்றும். பழைய பெட்ரோல் என்ஜினைவிட எடை குறைவு, எண்ணெயும் மண்ணெண்ணெய் ஜாதிதான். அதனால் குட்டை ஓடுதளத்திலிருந்தும் சுமையோடு எழும்பும் என்று சொன்னார். எதைச் சொன்னாலும் கடைசியில் எடையில் வந்து முடிப்பார்.

அவள் கை துடைத்துக்கொண்டு வந்து வரைபடத்தைப் பார்த்தாள். இறக்கை, என்ஜின் எதையும் கேட்கவில்லை.

"ஸ்ட்ரெச்சர் இதுல படுத்தபடியே போகுமா சார்? வளைக்காம, சாய்க்காம?"

"போகும்னுதான் நினைக்கிறேன் மேடம். பின் ஸீட்டைக் கழட்டிட்டா உள்ளே இடம் இருக்கு."

"உள்ளே இடம் கப்பல்லயும் இருந்துச்சு. வாசல்தான் விடல."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் சர்தார்ஜி விஷயத்தைச் சொன்னேன். அவர் பென்சிலை எடுத்துத் தாளில் ஸ்ட்ரெச்சர் போல ஒரு சின்னக் கட்டம் போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த அளவுப் படத்தில் போகிறது மாதிரியும் இருந்தது, இடிக்கிறது மாதிரியும் இருந்தது. விமானத்தின் உட்புறம் நாலரை அடி அகலம். பக்கவாட்டுக் கதவு வழியாக ஸ்ட்ரெச்சரை நுழைத்து உள்ளே ஒடித்துத் திருப்ப வேண்டும். கதவின் அகலம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். "தொழிற்சாலைக்குப் போனா மரத்துல முழு அளவு மாதிரி ஒண்ணு செஞ்சு பார்ப்போம்," என்றார்.

"மரம்தான சார் வேணும்? இங்க வேற என்ன இருக்கு?" என்றாள் அவள்.

கடற்கரையில் டோங்கி செய்கிற ஓர் ஆசாரி இருந்தார். தீவில் சின்ன மரப்படகை டோங்கி என்போம். குளச்சல் பக்கத்துக் கத்தோலிக்கர், எனக்குப் பத்து வயது மூத்தவர். அவர் கட்டிய டோங்கி ஒன்றுகூடத் தண்ணீர் கசிந்ததில்லை என்று ஊரே சொல்லும், அவரும் சொல்வார். வரைபடம் என்ற ஒன்றை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை. எனவே மில்லிமீட்டரையெல்லாம் அடி அங்குலமாக மாற்றி, இழைத்த பலகை ஒன்றில் பென்சிலால் வரிசையாக எழுதிக் கொடுத்தேன். நீளம் இவ்வளவு, உயரம் இவ்வளவு. கதவு அகலம் ஆயிரத்துப் பதினாறு மில்லிமீட்டர், சரியாக நாற்பது அங்குலம். 'வாசல் 40' என்று எழுதினேன். எழுதிவிட்டு, கணக்கில் எனக்குத் தப்பே வராது என்று வடிவமைப்பாளரிடம் பெருமையும் அடித்துக்கொண்டேன். அந்த வாய்தான் என்னை கேம்பல் பேக்கு அனுப்பியது என்பதை மறந்துவிட்டேன்.

ஆசாரி முதலில் படகுக்குப் போடுவது போலக் கீழே ஒரு அடிமரத்தைப் போட்டார். விமானத்துக்கு அடிமரம் கிடையாது என்றார் வடிவமைப்பாளர்.

"அடிமரம் இல்லாம ஒண்ணும் நிக்காது சாரே. ஒம்ம வண்டி மேல மானத்துல நிக்கட்டு. என் வண்டி மண்ணுல நிக்கணும்லா."

வடிவமைப்பாளர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். ஐந்தே நாளில், இறக்கையும் வாலும் இல்லாத ஒரு கூடு படாக் மரச் சட்டத்தில் எழுந்து நின்றது. ஒரு பக்கம் கதவு வாசல். டோங்கிக்குப் பூசுகிற எண்ணெயை அதற்கும் பூசியிருந்தார், யாரும் கேட்கவில்லை.

சோதனையன்று ஊரே வந்துவிட்டது. டிஸ்பென்சரி ஸ்ட்ரெச்சர் கைப்பிடியோடு ஏழு அடி மூன்று அங்குலம். அதில் யாரைப் படுக்க வைப்பது என்று கேள்வி வந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். படுத்தேன். என் மனைவி என்னைக் கட்டின இறுக்கத்தை, உண்மையிலேயே முதுகு உடைந்தவன்கூடத் தாங்கியிருக்க மாட்டான். நான்கு பேர் தூக்கினார்கள். தலை உள்ளே போயிற்று. மெதுவாகத் திருப்பினார்கள். வாசலின் ஒரு சட்டம் என் காதோரமாகவும் இன்னொன்று கால் பக்கமாகவும் நகர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். ஒரு விரல் இடைவெளிதான் இருந்தது, ஆனால் எங்கேயும் இடிக்கவில்லை. உள்ளே போய்ப் படுத்தபடியே இறங்கினேன்.

கூட்டம் கை தட்டியது. சற்றுத் தள்ளி, சக்கரப் பலகையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த சர்தார்ஜியும் தட்டினார். வடிவமைப்பாளர் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். அன்று என் மனைவி வீட்டில் பாடிக்கொண்டே சமைத்தாள். அவளுக்குப் பாட வரும் என்பதே அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

மறுநாள் காலை, அலுவலகப் பதிவுக்காக அந்தக் கூட்டை அளந்து ஒரு படம் போட்டு வைக்கலாம் என்று டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். வாசலின் குறுக்கே உள்பக்கம் டேப்பை வைத்தேன். நாற்பது. இரண்டு பக்கச் சட்டத்தையும் சேர்த்து வெளியே வைத்தேன். நாற்பத்து நான்கு.

அப்போதுதான் உறைத்தது. வரைபடத்தில் நாற்பது என்பது கதவுச் சட்டத்தின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை. பக்கத்துக்கு இரண்டு அங்குலம் சட்டம் போக, ஆள் நுழைகிற இடைவெளி முப்பத்தாறுதான். மரக்கூட்டில் அது நாற்பதாகிவிட்டிருந்தது. என்னை உள்ளே விட்டது விமானத்தின் கதவு இல்லை, ஆசாரியின் கதவு.

நேராகக் கடற்கரைக்குப் போய் அவரைப் பிடித்துக் கத்தினேன். நாற்பது என்று எழுதியதை ஏன் நாற்பத்து நான்காக்கினீர் என்று கேட்டேன். அவர் உளியைக் கீழே வைத்துவிட்டு என் பலகையை எடுத்து வந்து காட்டினார்.

"வாசல் நாப்பதுன்னு நீரு எழுதியிருக்கீரு. வாசல்னா உள்ளளவுதான சாரே. வள்ளத்துல நாங்க வெளியளவு பாக்கதே இல்ல. வெளிய இருக்கது கடலுல்லா, அத அளந்து என்ன செய்ய?"

படகு கட்டுகிறவருக்கு எவ்வளவு கொள்ளும் என்பதுதான் அளவு. அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கிருந்து எங்கே என்று அம்புக்குறி போடாமல் ஓர் அளவை எழுதக் கூடாது என்பது ட்ராஃப்ட்ஸ்மேன் படிப்பின் முதல் பாடம். இருபது வருஷமாக மற்றவர்களுக்கு அதைச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தவன் நான். போடவில்லை.

கப்பல் மறுநாள் வருகிறது என்று வயர்லெஸ் செய்தி வந்திருந்தது. பேசாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன், அதை மறைக்கப் போவதில்லை. வடிவமைப்பாளர் நோட்டில் 'கதவு சரி' என்று இருக்கிறது. அவர் போய்விடுவார், என் மானம் மிஞ்சும். விமானம் வர எத்தனையோ வருஷம் ஆகும், அதற்குள் எனக்கு மாற்றல்கூட வரலாம். ஜெட்டி ரோட்டில் இரண்டு நடை நடந்தேன். ஆனால் என்றைக்கோ ஒருநாள் அந்த விமானம் வந்து, ஒருவரைப் பலகையில் கட்டித் தூக்கி, கதவில் இடித்து, எல்லோரும் மறுபடியும் அவள் முகத்தைப் பார்ப்பதை நினைத்தேன். அதற்கு மேல் நடக்க முடியவில்லை.

வீட்டில் வடிவமைப்பாளர் டீ குடித்துக்கொண்டிருந்தார். இருவர் முன்னாலும் சொன்னேன். என் மனைவி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் கோபப்படவில்லை. "வாங்க, பார்த்துடலாம்," என்று எழுந்தார். ஆசாரியிடம் வாசலின் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலப் பலகை அடிக்கச் சொன்னார். மறுபடியும் என்னைக் கட்டித் தூக்கினார்கள். இந்த முறை தலை உள்ளே போனது, திருப்பும்போது கைப்பிடி இடித்து நின்றது. இந்தப் பக்கம் சாய்த்தார்கள், அந்தப் பக்கம் சாய்த்தார்கள். அரைச் சாண் போதவில்லை. "போதும், இறக்குங்க," என்றாள் அவள்.

நாங்கள் நால்வரும் மரக்கூட்டுக்குள்ளேயே உட்கார்ந்தோம். வாசலைச் சும்மா பெரிதாக்கிவிட முடியாது என்று அவர் விளக்கினார். முட்டை ஓட்டில் ஓட்டை போடுகிற மாதிரிதான் அது. ஓட்டை பெரிதானால் சுற்றிலும் பலமான சட்டம் வேண்டும். நான்கு அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ கூடும். அந்த எடையை வேறு எங்காவது குறைத்தாக வேண்டும், ஏற்கெனவே எல்லா இடத்திலும் சுரண்டி எடுத்தாயிற்று.

"வள்ளத்துல பாரம் கூடுனா வேண்டாததத் தூக்கி வெளிய போடுவோம்," என்றார் ஆசாரி.

"வேண்டாதது எதுவும் இல்லப்பா இதுல."

அவள் வரைபடத்தை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வால் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டத்தின் மேல் விரலை வைத்தாள். "இது என்ன சார்?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "அது டீ அலமாரி மேடம். வெந்நீர் கெட்டில், கப், சாஸர்..."

"போர்ட் பிளேருக்கு எவ்வளவு நேரம்னு சொன்னீங்க?"

"ரெண்டு மணி நேரம்."

அவள் பக்கத்தில் இருந்த ஃபிளாஸ்கைத் தூக்கி அவர் முன்னால் வைத்தாள், அவ்வளவுதான். ஆசாரி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன், அன்று எனக்குச் சிரிக்கிற உரிமை இல்லை என்றாலும். வடிவமைப்பாளர் ஃபிளாஸ்கையும் வரைபடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு காதில் இருந்த பென்சிலை எடுத்து, டீ அலமாரியின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார். வாசலில் இருந்த பழைய அளவை அடித்து, சட்டத்தின் உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு அம்புக்குறி போட்டு நாற்பது அங்குலம் என்று எழுதினார்.

மறுநாள் கப்பலில் போய்விட்டார். எங்கள் ஃபிளாஸ்கையும் கொண்டுபோய்விட்டார்.

தொழிற்சாலையில் மற்றவர்கள் ஒத்துக்கொள்வார்களா என்ற கவலை அவளுக்கு இருந்துகொண்டே இருந்தது. கப்பல் வரும்போதெல்லாம் கடிதம் இருக்கிறதா என்று என்னைப் பார்ப்பாள், கேட்கமாட்டாள். ஒன்றரை வருஷம் கழித்து ஒரு உறை வந்தது. கதவின் வரைபட நகல், வேறு ஒரு வரி கிடையாது. உள்ளளவு ஆயிரத்துப் பதினாறு மில்லிமீட்டர், அம்புக்குறியோடு. அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்தாள். சாமி படத்துக்குப் பக்கத்தில் கதவுப் படம் இருந்த வீடு எங்களுடையது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகும் வருஷங்கள் போயின. எனக்கு மாற்றல் வந்தது, எழுதிக் கேட்டு அதை ரத்து செய்ய வைத்தேன். அலுவலகத்தில் எனக்கு மூளை பிசகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். காடு வயலாகியிருந்தது, மீனும் தேங்காயும் அவளும் நானுமாக வாழ்க்கை நன்றாகவே போயிற்று. பப்பாளி வந்துகொண்டிருந்தது, பக்கத்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கடைசியில் ஒரு காலையில் அந்த விமானம் சோதனைக்காக எங்கள் ஓடுதளத்தில் வந்து இறங்கியது. கேட்டுப் பழகிய விமானச் சத்தம் இல்லை, சீட்டி அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். வெள்ளையாக, மேலே இறக்கையோடு, மடங்காத கால்களோடு நின்றது. எல்லோரும் இறக்கையையும் விசிறியையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தபோது நான் டேப்பை எடுத்துக்கொண்டு கதவுக்கு ஓடினேன். உள்ளளவு நாற்பது. ஆசாரி என் பின்னாலேயே வந்து, டேப்பை நம்பாமல் தன் முழக்கோலை வைத்து ஒருமுறை பார்த்துக்கொண்டார். தலை நரைத்த வடிவமைப்பாளர் படியில் நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் எங்கள் ஃபிளாஸ்க் இருந்தது.

ஸ்ட்ரெச்சர் சோதனைக்கு மணல் மூட்டைகளைக் கட்டித் தயாராக வைத்திருந்தோம். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு சக்கரப் பலகை வந்தது. "மூட்டையை ஏன் ஏற்றுகிறீர்கள்? முஜே ரக்கோ," என்னை வையுங்கள் என்றார் சர்தார்ஜி. என் மனைவி முகம் வெளுத்துவிட்டது.

"நஹீ பாய்ஸாப்," வேண்டாம் அண்ணா என்றாள்.

"அன்றைக்கும் நீங்கள்தான் கட்டினீர்கள். இன்றைக்கும் நீங்கள்தான் கட்ட வேண்டும்," என்றார் அவர் ஹிந்தியில்.

அவள் கட்டினாள். ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். நானும் ஆசாரியும் தலைப்பக்கம் பிடித்தோம், கால்பக்கம் இரண்டு பேர். அவரைப் படுத்தபடியே தூக்கினோம். தலை உள்ளே போயிற்று. திருப்பினோம். அவள் அவர் பக்கத்திலேயே நடந்து, ஒரு கையை அவர் முதுகுக்கு அடியில் கான்வாஸில் வைத்துக்கொண்டே வந்தாள். எங்கேயும் இடிக்கவில்லை. ஒரு விரல் இடைவெளி, அதே பழைய ஒரு விரல். உள்ளே இறக்கி வைத்தோம். அவர் உடம்பு நூல் பிடித்தது போல நேராகக் கிடந்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். வலிக்கிறதோ என்று பயந்து அவள் குனிந்தாள். அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏக் பார் ஔர், சிஸ்டர்," என்றார். இன்னொரு தடவை.

வெளியே கொண்டுவந்து இன்னொரு தடவை ஏற்றினோம். அவர் குழந்தை மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தார், மூன்றாவது தடவையும் ஏற்றினோம். எங்கள் தோள்பட்டை கழன்றுவிட்டது, மனிதர் அவ்வளவு கனம். மூன்றாவது முறை அவள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் வந்தாள். எனக்கும் கண் கலங்கியது, அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

அன்று சாயங்காலம் அவர் வீட்டிலிருந்து வழக்கம்போல ஒரு பப்பாளி வந்தது. அவள் அதை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பக்கத்து வீட்டுக்காரம்மா வழக்கம்போல வேலி ஓரத்தில் வந்து நின்றதை நான் பார்த்தேன். உள்ளே கத்தி எடுக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு தட்டோடு வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"நல்லா இனிப்பா இருக்குங்க," என்றாள்.